கடலுக்கும் ஓய்வுண்டு



மாலைத் திருப்பலி முடிந்து கோயிற்கதவைச் சாத்தும் வேளை. பங்கினர் ஒருவர் நம்மைக் காண வந்து, தூணருகே தயங்கி நின்றார். வயது 46. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணி. நல்ல மனைவி, நன்மக்கள் இருவர், சொந்த வீடு. வீட்டின்மேல் கடன். ஊரார் கண்ணுக்கு ஒரு குறையுமில்லாத குடும்பம்.

"பாதர், நான்கு மாதமாக எனக்கு உறக்கமில்லை" என்று தொடங்கினார். "படுத்தால் நெஞ்சு படபடக்கிறது. உண்டால் செரிப்பதில்லை. பிள்ளைகள் அருகில் வந்தாலே எரிந்து விழுகிறேன். நேற்று என் மகள் கல்லூரிக் கட்டணத்திற்குக் கடைசி நாள் என்பதை ஒரு சீட்டில் எழுதி, 'அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள் அம்மா' என்று தாயிடம் கொடுத்திருக்கிறாள். என்னிடம் பேச என் பிள்ளைக்கே அச்சம். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு எனக்குச் செபிக்கவும் வாய் வரவில்லை."

சட்டைப் பையிலிருந்து அச்சீட்டை எடுத்துக் காட்டினார். நான்காய் மடித்த நோட்டுப் புத்தகத் தாள். அவரது இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். பெயரும் ஊரும் வேண்டா.

அவருக்கு அறிவுரை ஏதும் கூற அன்று நமக்கு மனம் வரவில்லை. முதலில் மருத்துவரைக் காணுமாறு சொன்னோம். கண்டார். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், நாள்தோறும் நடக்கவும் சொல்லியனுப்பினார். "நடப்பதற்கு நேரமேது?" என்று நம்மிடமே திரும்பி வந்தார். மூன்றாண்டுகட்கு முன் நம்முடைய மருத்துவர் நமக்கும் அதனையே சொன்னதும், நாமும் அதே விடையைக் கூறியதும் நினைவிற்கு வந்தன. "வரும் சனிக்கிழமை எம்முடன் பழவேற்காட்டிற்கு வாருங்கள்" என்றோம்.

உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி

மன அழுத்தம் என்பது கோழைகளின் நோயன்று. இறைவன் படைத்த உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. வழியிற் பாம்பைக் கண்டால் என்ன நிகழ்கின்றது? சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் பொருள்களை இரத்தத்திற் கலக்கின்றன. இதயம் விரைகின்றது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் தாழ்கின்றது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிவிடுகின்றது. பாம்பு போய்விட்டால் உடல் தணிந்து பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆனால் வீட்டுக்கடன் என்னும் பாம்பு போவதில்லை. இரவு 11 மணிக்கு ஒலிக்கும் கைப்பேசி என்னும் பாம்பும் போவதில்லை. எனவே எச்சரிக்கை மணி ஓயாது அடிக்கின்றது. உறக்கம் கெடுகின்றது, இரத்த அழுத்தம் ஏறுகின்றது, நெஞ்சில் நிறைந்த எரிச்சல், நாம் மிகவும் நேசிப்பவர்மீதே கொட்டுகின்றது. தந்தையிடம் பேச அஞ்சிய அம்மகளின் சீட்டு இவ்வாறு எழுதப்பட்டதே.

பழவேற்காட்டுப் பாதை

விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார இரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினோம், அங்கிருந்து பேருந்து. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ளது பழவேற்காடு. இங்குள்ள ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கின்றது. ஆரணியாறு, காளங்கியாறு முதலியன நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகின்றது. பல இடங்களில் ஓராள் இடுப்பளவே ஆழம். இவ்வாறு நன்னீரும் உவர்நீரும் கலப்பதாலேயே இறாலும் நண்டும் மடவையும் இங்குச் செழிக்கின்றன.

பேருந்தை விட்டிறங்கிச் சிறிது நடந்தால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று நம்மை வரவேற்கின்றன. "பாதர், அலுவலகத்தில் நானும் இப்படித்தான் நிற்கிறேன்" என்றார் நண்பர். நான்கு மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் இங்கு கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். 17-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சோழமண்டலக் கரையில் அவர்தம் வணிகத்திற்கு இதுவே தலைமையிடம். துணிமூட்டைகள் கப்பலேறிக் கீழை நாடுகளுக்குச் சென்றன. கணக்கர்கள் இரவும் பகலும் கணக்கெழுதியிருப்பர்! இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும். கணக்கெழுதியோரின் ஊரில் கருங்கற்பலகைகளும் அவற்றிற் செதுக்கிய எழுத்துகளும். கணக்குப் பிரிவில் பணிபுரியும் நம் நண்பர் அக்கற்களிடையே நெடுநேரம் நின்றார். நாம் அவரை விரைவுபடுத்தவில்லை.

பின்னர் மகிமை மாதா திருத்தலம். 1515-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் காலத்தில் தொடங்கியதெனப் போற்றப்படுவது. அங்குச் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்தோம்.

காலைக்காற்றில் உப்பு மணந்தது. படகுகள் ஒவ்வொன்றாய்க் கரைசேர்ந்து கொண்டிருந்தன. நீர்க்காகங்கள் நட்டுவைத்த கழிகளின்மேல் சிறகு விரித்து உலர்த்தின. கூழைக்கடாக்கள் கூட்டமாய் மிதந்தன. தொலைவில், நீரும் வானும் சேருமிடத்தில், இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. பூநாரைகள்! வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பின், குளிர்காலத்தில் அவை இங்குக் கூடுகின்றன. தலையைக் கவிழ்த்து நீரை அலசி நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பது அவற்றின் வழக்கம். அவ்வுணவில் உள்ள நிறமியே சிறகிற்குச் செந்நிறம் தருகின்றது. இப்பறவைகளின் பொருட்டே ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழகப் பகுதி 1980-லும் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டன.

நண்பர் கைப்பேசியை எடுத்து அக்கோட்டைப் படம் பிடிக்க முயன்றார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தார்.

ஆய்வாளர் கூறுவது யாது?

இயற்கையின் மடியில் மனம் ஆறுதல் பெறும் என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு மனநிலையைப் பொருத்திக் கண்டவர்கள் தமிழர்கள். நெய்தலுக்கு அவர்கள் வகுத்த உரிப்பொருள் இரங்கல். மனச்சுமையைக் கொண்டுவந்து இறக்கிவைக்கத் தக்க இடம் கடற்கரை என்று அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்!

அண்மைக் காலத்தில் அறிவியலாரும் இதனை அளந்து பார்த்துள்ளனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளின் குறிப்பேடுகளை ரோஜர் உல்ரிக் என்பார் ஆராய்ந்தார். 23 பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். அவர்களோடு ஒப்பிடத்தக்க வேறு 23 பேரின் சன்னலுக்கு வெளியே செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-இல் வெளியான இவ்வாய்வு மருத்துவ உலகைச் சிந்திக்க வைத்தது. அதற்கு ஈராண்டுகட்கு முன்னரே, 1982-இல், சப்பானிய வனத்துறை 'ஷின்ரின் யோகு', அதாவது வனக்குளியல், என்னும் பழக்கத்தை மக்களிடையே பரப்பத் தொடங்கியிருந்தது. மரங்களிடையே மெல்ல நடப்பதே அக்குளியல். தண்ணீருக்கு அங்கு வேலையில்லை.

ஸ்டீபன் காப்ளான், ரேச்சல் காப்ளான் என்னும் அமெரிக்க உளவியல் இணையர் 1989-இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு விளக்கம் தந்தனர். மனிதனின் கவனம் இருவகைத்து. கணக்கைச் சரிபார்ப்பதும் நெரிசலில் வண்டியோட்டுவதும் முயன்று செலுத்தும் கவனம். அது பயன்படுத்தப் பயன்படுத்தக் களைத்துப் போகும். அலையையும் பறவையையும் பார்ப்பது தானே ஈர்க்கப்படும் கவனம். அதற்கு முயற்சி வேண்டா. இரண்டாவது விழித்திருக்கும்போது முதலாவது இளைப்பாறுகின்றது.

2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடந்த ஆய்வொன்று, வாரத்திற்கு 120 நிமிடமேனும் இயற்கைச் சூழலிற் கழிப்போர், அவ்வாறு கழிக்காதோரைவிடத் தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாயிருப்பதாகக் கூறியதைக் காட்டிற்று. ஒரே நாளிற் கழித்தாலும் பகுத்துக் கழித்தாலும் வேறுபாடில்லை. நலமுள்ளோரே மிகுதியாக வெளியிற் செல்கின்றனர் என்று ஒருவர் மறுக்கலாம், அம்மறுப்பிலும் பொருளுண்டு. எனினும் செலவில்லாத இம்மருந்தை உண்டு பார்ப்பதில் நட்டமென்ன?

கரையில் ஒரு தாய்

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் இக்கட்டுரை ஒரு சுற்றுலாக் குறிப்பாகவே முடிந்துவிடும். ஆனால் அன்று கரையில் நடந்த ஒன்று நம் சிந்தனையைத் திருப்பிற்று.

படகுத்துறையை அடுத்து முதிய தாய் ஒருவர் பிளாஸ்டிக் விரிப்பில் இறாலைக் கொட்டிப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நமது அங்கியைக் கண்டு, "தோத்திரம் சாமி! இவ்வளவு காலையில எங்க புறப்பட்டீங்க?" என்றார்.

"சும்மா நடக்க வந்தோம் அம்மா. இவருக்குத் தூக்கமில்லை, மனம் சரியில்லை. காற்று வாங்கினால் ஆறும் என்று அழைத்து வந்தோம்."

அவர் சிரித்தார். "நீங்க நடக்க வந்தீங்க சாமி. நாங்க நடந்து நடந்தே தேஞ்சவங்க. விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து, இதைப் பிரிச்சு, பொன்னேரி சந்தைக்குக் கொண்டுபோய்த் திரும்ப உச்சி சாய்ஞ்சிடும். இந்த ஏரியை உட்கார்ந்து பார்த்து எத்தனை வருசம் ஆச்சோ!"

நாம் நாணினோம். நாம் இளைப்பாற வந்த அழகிய காட்சி, அவருக்கு முதுகொடியும் வேலைத்தலம். ஏரியின் மறுபுறங்களில் இருளர் குலப் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லாற் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். தொலைவிலிருந்து காண்போர்க்கு அதுவும் ஓர் அழகிய ஓவியமே. பல மணிநேரம் நீரில் ஊறும் அவர்தம் கால்கட்கு அது ஓவியமன்று.

நண்பர் என்ன நினைத்தாரோ, கால்சட்டையை மடித்துவிட்டு விரிப்பருகே அமர்ந்து இறாலைப் பிரிக்கத் தொடங்கினார். முதலில் தவறாகவே பிரித்தார். "அது நடுத்தரம் தம்பி, இந்தப் பக்கம் போடு" என்று அத்தாய் திருத்தினார். சற்று நேரத்தில் கை பழகிவிட்டது. அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே வேலை செய்தனர்.

"தூக்கம் வரலையா தம்பி? சுனாமி வந்துபோன பிறகு எங்க வீட்டுலயும் ரொம்ப நாள் யாரும் தூங்கல. அலைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துக்குவோம்."

"பிறகு எப்படித் தூங்கினீர்கள் அம்மா?"

"என்ன செய்யறது? ராத்திரியில வாசல்ல பாயைப் போட்டு, அக்கம்பக்கம் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்போம். பயத்தைத் தனியா வச்சுக்கக் கூடாது தம்பி. பேசப் பேசக் கண்ணை அசத்தும். உன் வீட்டுல யார்கிட்ட நீ பேசுற?"

நண்பர் விடை கூறவில்லை. கையிலிருந்த இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்ததை நாம் அறிவோம்.

வேலை அரைமணி முன்னதாக முடிந்துவிட்டது. அடுத்த பேருந்திற்கு நேரமிருந்தது. அத்தாய் கூடையை மூடிவிட்டு, கரையில் கவிழ்த்திருந்த பழம்படகின்மேல் காலை நீட்டி அமர்ந்தார். பூநாரைகள் இருந்த திசையைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "இந்த வருசம் நிறைய வந்திருக்கு போலிருக்கே" என்றார்.

முறையும் ஓய்வும்

பழவேற்காட்டையொட்டிய சில குப்பங்களில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலியவன் அவற்றைத் தனக்கே வைத்துக்கொள்ளாதபடி, எந்த நாளில் எவர் எங்கு வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் ஊரார் முடிவு செய்கின்றனர். இன்று நல்ல இடத்தில் வலைகட்டியவன் நாளை அதனைப் பிறனுக்கு விட்டு விலகவேண்டும். இவ்வேற்பாட்டிற் குறைகளும் உண்டு. உரிமையுள்ள தலைக்கட்டுகளைச் சேராதோர் வெளியே நிற்கின்றனர். ஆயினும் ஓர் உண்மையை அது நெடுங்காலமாய்க் காத்து வந்துள்ளது: எவனும் எந்நாளும் வலையிட்டுக் கொண்டே இருத்தலாகாது.

கடலுக்கும் அவ்வாறே. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, 61 நாள், தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடையுண்டு. மீன்கள் இனம்பெருக்கும் காலம் அது. ஓய்வின்றி வாரினால் கடலும் வெறுமையாகும் என்பதை அரசும் அறிந்து சட்டமாக்கியுள்ளது. கடலுக்கு 61 நாள் ஓய்வளிக்கும் நாம், நம் உடலுக்கு நாளொன்றுக்கு 20 நிமிடம் அளிக்க மறுப்பது விந்தையன்றோ?

இறைவன் ஏழாம் நாளை ஓய்வுநாளாக்கியபோது, அதனை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் தரவில்லை. மகனும் மகளும், பணியாளும், அந்நியனும், மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும் என்றே கட்டளையிட்டார். கலிலேயக் கடலோரத்தில் நம் ஆண்டவரும், உண்ணவும் நேரமின்றி உழைத்துக் களைத்த சீடர்களைத் தனிமையான இடத்திற்குச் சென்று இளைப்பாற அழைத்தார். அவர்கள் கரையிறங்கிய இடத்திலோ மக்கள் கூட்டம் முந்திக் காத்திருந்தது. அவர் சினங்கொள்ளவில்லை, அவர்கள்மேல் இரங்கினார். ஆகவே நாம் தேடும் ஓய்வு, பிறரை மறந்து ஒளிந்துகொள்ளும் குகையாகிவிடலாகாது. நாம் இளைப்பாறுவதற்காகப் பிறர் கூடுதலாய் உழைக்க நேர்ந்தால் அங்கு ஓய்வு கிட்டியது நமக்கு மட்டுமே. நம் வீட்டிலேயே தொடங்கிப் பார்ப்போம். ஞாயிறன்று நாம் ஓய்ந்திருக்கையில் அடுப்படியில் நிற்பவர் எவர்?

செல்லும் குடும்பங்கட்குச் சில குறிப்புகள்

பழவேற்காட்டிற்குச் செல்ல விரும்பும் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றை மனத்திற் கொள்க.

1. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழை, புயல் எச்சரிக்கை உள்ள நாள்களைத் தவிர்க்க. விடியலிற் சென்று வெயில் ஏறுமுன் நடையை முடிக்க. குடிநீரும் தொப்பியும் உடன் இருக்கட்டும். கரையிற் கிளிஞ்சலும் கண்ணாடித் துண்டும் கிடப்பதால், நீரிழிவு நோயாளர் செருப்பின்றி நடத்தலாகாது.

2. கல்லறைத் தோட்டம், கோயில், படகுத்துறை இவற்றைக் கண்டபின், பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் வரை மெல்ல நடக்கலாம். அங்குக் கலங்கரை விளக்கம் முதன்முதல் 1859-இல் அமைந்தது. அதற்கப்பால் கடல். நடையின் ஒரு பகுதியை, 20 நிமிடமேனும், பேசாது நடந்து பாருங்கள். குழந்தைகட்கும் இது பிடிக்கும். அவரவர் கேட்ட ஒலிகளைப் பின்னர் சொல்லச் செய்க.

3. நீரில் இறங்கல் வேண்டா. முகத்துவாரத்தருகே நீரோட்டம் வலிது. மணல் இடம்மாறிக்கொண்டே இருக்கும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவன்று, இங்கு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அத்துயரை மறவாதிருப்போம். எவர் அழைத்தாலும் அனுமதியற்ற படகில் ஏறாதீர்கள். கால்நடையே போதும்.

4. பறவைகளை நெருங்கிச் சென்று எழுப்பாதீர்கள். நெடுந்தொலைவு பறந்துவரும் அவற்றிற்கும் ஓய்வு தேவை. சிறுவர் கல்லெறியாது பார்த்துக்கொள்க. கொண்டுசென்ற நெகிழித் தாள்களைத் திரும்பக் கொண்டு வருக.

5. கரையில் உலரும் வலை ஒரு குடும்பத்தின் முதலீடு, மிதியாதீர்கள். குப்பத்து வாசல் ஒருவரது முற்றம்; கேளாது படமெடுக்காதீர்கள். திரும்புகையில் மீனோ, அவ்வூர் மகளிர் முடையும் பனையோலைக் கூடையோ வாங்குக. பேரம் பேசிக் குறைக்கும் பத்து ரூபாய் நமக்குப் பெரிதன்று.

6. பழவேற்காடு தொலைவெனில் வருந்த வேண்டா. ஊர்க் குளக்கரை, வயல் வரப்பு, கோயில் வளாகத்து வேப்பமர நிழல் எதுவாயினும் நன்று. நாள்தோறும் 20 நிமிடம் என ஆறு நாள் நடந்தால் 120 நிமிடம் நிறைந்துவிடும். ஏழாம் நாள் குடும்பத்தோடு.

7. நடையை மருத்துவத்திற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளோர் மருத்துவரைக் கேட்டபின் நடக்க. பல வாரங்களாக உறக்கமின்மையோ, வாழ்வில் வெறுப்போ நீடித்தால் மறைக்காது மருத்துவரிடம் செல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் நடுவண் அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கின்றது. மனநோய்க்கு மருந்துண்பது விசுவாசக் குறைவு எனக் கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். காய்ச்சலுக்கு மருந்துண்பது விசுவாசக் குறைவு என்று இவர்கள் கூறுவதில்லையே!

திரும்பும் வழியில்

பொன்னேரியில் இரயிலேறியதும் நண்பர் உறங்கிவிட்டார். தலை நம் தோளிற் சாய்ந்தது. அவர் இறங்க வேண்டிய நிலையம் வந்தபோது எழுப்ப மனமின்றி, அடுத்த நிலையம் வரை சென்று இருவரும் எதிர்வண்டியில் திரும்பினோம்.

ஒரு நடையால் அவர் துன்பமெல்லாம் தீர்ந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். வீட்டுக்கடன் அப்படியே உள்ளது. மாத்திரையும் தொடர்கின்றது. ஆனால் இரவு 9 மணிக்குமேல் அலுவலகக் கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைப்பதெனத் துணிந்தார். முதல் வாரம் அஞ்சியதுபோல் வேலை ஒன்றும் போய்விடவில்லை என்றார். அந்நேரத்தில் வாசலிற் பாய் விரித்து வீட்டார் நால்வரும் அமர்கின்றனராம். குப்பத்துத் தாய் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

மறுமாதம் மீண்டும் பழவேற்காடு சென்றோம். இம்முறை மகளும் உடன் வந்தாள். பாலத்தின்மேல் நடக்கையில் தந்தையும் மகளும் நமக்குச் சற்று முன்னே சென்றனர். முதலில் இருவரும் பேசவில்லை. பின்னர் அவள் ஏதோ கேட்டாள். அவர் குனிந்து செவிமடுத்து விடை சொன்னார். அவள் மீண்டும் கேட்டாள். காற்று எதிர்ப்புறம் வீசியதால் அவர்கள் பேசியது நமக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

நாம் நடையைத் தளர்த்திக்கொண்டு, கைப்பிடிச் சுவரருகே நின்று ஏரியைப் பார்த்தோம். படகுத்துறையில் அத்தாய் இறால் பிரித்துக் கொண்டிருந்தார். திரும்பும்போது அவரிடம் சென்று மூவரும் அமர வேண்டும் என்று எண்ணிக்கொண்டோம். ஆறு கை கூடினால் அரைமணி நேரத்திற்கு மேலாகவே அவர் ஏரியைப் பார்க்கலாம்.